மறதி நோயும் மாத்திரையும்: கொடுக்கும் கையின் பொறுப்பு

மற்ற நோய்களில் மருந்து உண்டவரே அதை உண்டதற்குச் சாட்சி. இரத்த அழுத்தக்காரரோ நீரிழிவுக்காரரோ "காலையில் போட்டுக்கொண்டேன்" என்று சொன்னால், வைத்தியர் அதை நம்பி மேற்கொண்டு பேசலாம். அல்சைமர் நோயிலோ அந்தச் சாட்சியமே முதலில் பழுதுபடுகிறது. உண்டதை உண்ணவில்லை என்பதும், உண்ணாததை உண்டேன் என்று சாதிப்பதும் அந்நோயாளியின் குற்றமன்று. அவரைப் பீடித்த வியாதியின் இலக்கணமே அது. ஆகவே, இந்த நோய்க்குரிய மருந்துகளைப் பொறுத்தவரை, எந்த மாத்திரை என்ற கேள்விக்குச் சமமான முக்கியத்துவம் யார் கையால், எப்போது, எந்தக் கணக்கின்படி என்ற கேள்விகளுக்கும் உண்டு.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், அறிவுத்திறன் குன்றும் டிமென்ஷியாவால் அவதியுறுகிறார்கள் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டது. டிமென்ஷியாவுக்குப் பல காரணங்கள் உண்டெனினும், அவற்றுள் பிரதானமானது அல்சைமர் நோயே. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லையாதலால், அந்தத் தொகையில் பெரும்பாலோர் வைத்தியர் ஒருவரையும் காணாமலே காலம் கழிக்கிறார்கள். கண்டு மருந்து பெற்றவர்களின் வீடுகளிலோ வேறு வகை அபாயம் காத்திருக்கிறது.

சென்னைக்கு வடக்கே, ஜி.என்.டி. சாலையில் செங்குன்றத்தைத் தாண்டி, குடிநீர் ஏரியாலும், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் முன்னாளில் நடந்த மோட்டார் பந்தயங்களாலும் பெயர் பெற்ற சோழவரத்தை எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை நீளும் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் மூன்று ஷிப்டாக ஆட்கள் போய்வரும் இப்பிரதேசத்தில், வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பும் ஷிப்டுக்கு ஷிப்டு கை மாறுகிறது. மருமகள் இரவு எட்டு மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குழந்தைகளோடு உறங்கிப்போகிறாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து மகன் நள்ளிரவுக்குச் சற்று முன் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, திண்ணையில் விழித்திருக்கும் தகப்பனார், "சாப்பிட்டாச்சுடா, மாத்திரைதான் யாரும் குடுக்கல" என்கிறார். அட்டையிலிருந்து இன்னொன்றைப் பிதுக்கி எடுத்துக் கொடுக்கிறான் மகன். இருவரும் செய்தது அன்பின் காரியம். விளைந்ததோ இரட்டை அளவு. இப்படிப்பட்ட வீடுகள் அங்கு எத்தனையோ இருக்கக்கூடும்.

மருந்து செய்வதும் செய்யாததும்

மூளையின் அணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனம் துணை செய்கிறது. அல்சைமர் நோயில் அது வற்றிக்கொண்டே வருகிறது. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மூன்றும் அதைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, எஞ்சியிருப்பதைச் சற்று நீடிக்கச் செய்கின்றன. மெமன்டின் என்னும் நான்காவது மருந்து, குளுட்டமேட் என்ற வேறோர் இரசாயனத்தின் மிகையான தாக்குதலைத் தணிப்பது; பெரும்பாலும் நோய் நடுத்தர நிலையை அடைந்த பின்னரே அது எழுதப்படுகிறது. ஏரியின் மதகை அடைத்தால் இருக்கிற நீர் இன்னும் சில நாள் நிற்குமேயன்றி, அதனால் மழை வந்துவிடாது. இம்மருந்துகளின் உபகாரமும் அவ்வளவே. சிலருக்குச் சில காலம் ஞாபகமும் நிதானமும் ஓரளவு நிலைபெறும். நோயின் வேர் அறுந்துபோகாது. இதை அறியாதவர்கள் இரண்டு மாதத்தில் குணம் காணவில்லையென்று மருந்தைத் திடீரென நிறுத்துகிறார்கள், அல்லது தாமாகவே அளவைக் கூட்டுகிறார்கள், இரண்டுமே ஆபத்தானவை.

அளவைப் படிப்படியாகவே ஏற்றவேண்டும் என்பது இவற்றுக்குப் பொதுவான விதி. டோனெபெசில் வழக்கமாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே, வைத்தியர் தேவையென்று கண்டால், 10 மில்லிகிராமாகிறது. மெமன்டின் 5 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 வீதம் ஏறி 20-ல் நிற்கிறது. சிறுநீரகம் பலவீனப்பட்டவர்களுக்கு அதனினும் குறைவாகவே கொடுப்பார்கள். ரிவாஸ்டிக்மின் மாத்திரையைக் காலையும் மாலையும் ஆகாரத்தோடு கொடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டலும் வாந்தியும் மிகும். டோனெபெசில் சாதாரணமாக இரவு படுக்கப் போகுமுன் கொடுக்கப்படுவது. அதனால் பயங்கரக் கனவுகள் வந்து தூக்கம் கெடுமாயின், காலைக்கு மாற்றலாமா என்று வைத்தியரைக் கேட்கவேண்டும்.

அபாயங்கள் எங்கிருந்து வருகின்றன

குமட்டல், பேதி, பசியின்மை, எடை குறைதல் ஆகியவை ஆரம்பத்தில் பலருக்கு உண்டாகிச் சில வாரங்களில் தணிவன. ஆனால், நாடி மந்தப்படுவதும், எழுந்து நிற்கையில் மயங்கி விழுவதும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. இருதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரையை ஏற்கெனவே உண்பவருக்கு இந்த அபாயம் அதிகம். ஆகவே, இருதய வைத்தியர் எழுதிய சீட்டை நரம்பியல் வைத்தியரிடமும், அவர் எழுதியதை இவரிடமும் காட்டுவது இன்றியமையாதது.

ரிவாஸ்டிக்மின் மருந்தைத் தோலில் ஒட்டும் பேட்ச் வடிவிலும் தருகிறார்கள். விழுங்க மறுப்பவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதமெனினும், பழையதை உரித்தெடுக்காமல் அதன்மேலோ பக்கத்திலோ புதியதை ஒட்டி, மருந்து மிகையாகி மரணம் வரை நேர்ந்த சம்பவங்கள் அயல்நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கண்ணுக்கு எட்டாத முதுகில் ஒட்டுவதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. புதியதை ஒட்டுமுன் முதுகு, மார்பு, மேற்கை முழுவதும் தடவிப் பார்த்துப் பழையதை எடுத்துவிட வேண்டும். புதியதன் மேல் பேனாவால் தேதியை எழுதவேண்டும். ஒட்டிய அதே இடத்தில் பதினான்கு நாள் மறுபடி ஒட்டலாகாது. எடுத்த பட்டையைப் பசைப்பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைபடாத இடத்தில் எறியவேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஒட்டத் தவறினால், விட்ட அளவிலேயே தொடராமல் வைத்தியரைக் கேட்க வேண்டும். குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க நேரிடும்.

மற்றோர் அபாயம் சளிக்கும் காய்ச்சலுக்கும் நாமே வாங்கிக் கொடுக்கும் மாத்திரையில் ஒளிந்திருக்கிறது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமினும், தூக்கத்துக்கும் அரிப்புக்கும் தரும் டைஃபென்ஹைட்ரமினும், அல்சைமர் மருந்து காப்பாற்ற முயலும் அதே அசிட்டைல்கோலினின் வேலையை முறியடிப்பவை. ஒரு கை ஏற்றுவதை மறு கை இறக்கினால் நோயாளியின் குழப்பம் இரவோடிரவாக அதிகரிக்கும். இதைவிடச் சூட்சுமமான விபரீதம் ஒன்றுண்டு: டோனெபெசிலின் பக்கவிளைவாகச் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போக, அதைத் தனி நோயென்று கருதி ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை சேர்க்கப்பட, அது ஞாபகத்தை மேலும் கெடுக்கிறது. ஆகையால், மருந்து தொடங்கிய பின் தோன்றும் எந்தப் புதிய உபாதைக்கும், புதிய மருந்தைக் கேட்பதற்கு முன், "இது பழைய மருந்தின் விளைவாக இருக்குமோ?" என்று வைத்தியரிடம் கேட்பது நலம்.

இரவில் கூச்சலிடுவதற்கும் கோபத்துக்குமாகக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள், டிமென்ஷியா உள்ள முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005-லேயே எச்சரித்தது. அவசியம் நேர்ந்தால் வைத்தியர் சிறு அளவில் குறுகிய காலத்துக்கு எழுதலாம்; ஆனால் எதற்காக, எத்தனை வாரத்துக்கு, எப்போது நிறுத்துவது என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. வலி, மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று ஆகியவற்றைச் சொல்லத் தெரியாமலே பலர் கூச்சலிடுகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

வீட்டு ஒழுங்கு

எத்தனை பேர் வீட்டில் இருந்தாலும், ஒரு நாளைக்கு ஒரே ஒருவர் மருந்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஷிப்டு மாறும் வீட்டில் அந்தப் பொறுப்பு, சாவியை ஒப்படைப்பது போல, வாய்ச்சொல்லாலன்றி ஒரு தாளால் கைமாற வேண்டும். தேதி, நேரம், மருந்தின் பொதுப்பெயர், அளவு, கொடுத்தவர் கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்ட தாளைச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டால் போதும். வாரத்தின் ஏழு நாளுக்கும் அறை பிரித்த மருந்துப் பெட்டியை அதனோடு சேர்த்துக்கொண்டு, நோயாளியின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கவேண்டும். கையெழுத்தில்லாமலும் அறையில் மாத்திரை இல்லாமலும் இருந்து சந்தேகம் தோன்றுமாயின், அன்றைக்கு மறுபடி கொடுக்காதிருப்பதே விவேகம். தவறிய வேளையை ஈடுசெய்ய அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுப்பது ஒருபோதும் கூடாது.

அளவு மிகுந்துவிட்டதாகத் தோன்றினாலும், தொடர்ந்த வாந்தி, வாயில் எச்சில் வடிதல், வியர்த்துக் கொட்டுதல், நாடி தளர்தல், மயக்கம், வலிப்பு ஆகியவை கண்டாலும், உடம்பில் இருக்கும் பேட்ச் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 108-ஐ அழைத்து, மாத்திரை அட்டையையும் அந்தத் தாளையும் கூடவே எடுத்துச்செல்ல வேண்டும்.

உரிமைகள்

இம்மருந்துகள் வைத்தியரின் சீட்டின்றி விற்கப்படக் கூடாதவை. அட்டையின் மேலுள்ள எச்சரிக்கையே அதைத் தெரிவிக்கும். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆம் விதி, இவ்வகை மருந்து எழுதிய சீட்டுக்கு, அதே மூலப்பொருள் கொண்டதேயாயினும், வேறொரு தயாரிப்பைக் கடைக்காரர் தாமாக மாற்றிக் கொடுப்பதைத் தடுக்கிறது. இந்தத் தடை வெறும் சம்பிரதாயமன்று: சென்ற மாதம் ஒரு பெயரிலும் இந்த மாதம் வேறு பெயரிலும் வந்த அதே டோனெபெசிலை இரு வேறு மருந்தென்று கருதி இரண்டையும் கொடுத்துவிடும் அபாயம் அதனால் குறைகிறது. மருந்தாளுநரிடம் பொதுப்பெயரையும் வேளையையும் தமிழில் உறையின்மேல் எழுதித் தரச்சொல்லுங்கள். பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவப் பதிவேடுகளை நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுக்க விதி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கு இலக்கணம் கூறுகையில் ஞாபகசக்தியின் கடுங்கோளாறையும் உள்ளடக்குகிறது. ஆகவே, புத்தித் தெளிவுள்ள ஆரம்ப நிலையிலேயே, பிற்காலத்தில் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை எழுதி வைக்கவும், தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் நோயாளிக்கு அச்சட்டம் இடமளிக்கிறது. பிள்ளைகள் வைத்தியச் செலவைக் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் துணைக்கு வரும். அச்சட்டம் பராமரிப்பு என்பதற்குள் மருத்துவச் சிகிச்சையையும் சேர்த்தே பொருள்கொள்கிறது. அதற்கான மனுவைக் கோட்ட அளவிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். சோழவரம் பகுதி பொன்னேரி வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது.

பரிகாரங்கள்

பக்கவிளைவு எதுவாயினும் நோயாளியின் குடும்பத்தாரே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்தின் தரத்தில் ஐயம் எழுந்தால், மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கூறலாம். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி, தாம் வாங்கிய மருந்தை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. பணம் பெற்றுச் செய்யும் வைத்தியத்தில் கவனக்குறைவு நேர்ந்தாலோ, கடையில் தவறான மருந்து தந்தாலோ, இரண்டாண்டுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள்ளாயின் மனுக் கட்டணம் இல்லை. முதலில் ஆலோசனை மட்டும் தேவையானால் 1915 என்ற எண்ணும், மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற எண்ணும், மன உளைச்சலுக்கு ஆளாகும் பராமரிப்பாளருக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன.

வைத்தியத்துக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வடசென்னை ஸ்டான்லியும், 2024-ல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையமும் சோழவரத்தாருக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. முதல் தடவை செல்லும்போதே, மறதியை உண்டாக்கவல்ல தைராய்டு கோளாறும், வைட்டமின் பி12 குறைவும் பரிசோதிக்கப்பட்டனவா என்று கேட்கவேண்டும்; ஏனெனில் அவை குணப்படுத்தத்தக்கவை.

இந்த அறிவுரைகள் அனைத்தும் ஒரே தாளில் வந்து முடிவதைக் கவனிக்கலாம். வைத்தியர் அளவைத் தீர்மானிக்க அதைத்தான் பார்ப்பார். நள்ளிரவில் வந்த மகன் மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்பதை அதைத்தான் கேட்டறிவான். நீதி வேண்டி ஆணையத்தின் படியேறும் குடும்பத்தின் கையில் பில்லோடும் சீட்டோடும் அதுவே ஆதாரமாக நிற்கும். ஞாபகத்தை இழந்தவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டிய கடமை வீட்டாருடையது. அதை இன்றிரவு மாத்திரையிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.