ஏட்டில் நின்ற சமஷ்டிக் குடியரசு

1970 யூலையில் கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் கூடிய அரசியல் நிர்ணய சபையின் முன் தமிழரசுக் கட்சி ஒரு மாதிரி அரசியலமைப்பை வைத்தது. அதன்படி இலங்கை ஐந்து சுயாட்சி மாநிலங்களைக் கொண்ட சமஷ்டிக் குடியரசாகும்: மேல், தென் மாகாணங்கள் ஒன்று, வடமத்திய, வடமேல் மாகாணங்கள் ஒன்று, மத்திய, ஊவா, சப்பிரகமுவ மாகாணங்கள் ஒன்று, வடமாகாணமும் திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களும் ஒன்று, அம்பாறை மாவட்டம் தனியொன்று. கொழும்பு நகரும் சுற்றுப்புறமும் மத்திய அரசின் கீழிருக்கும்.

இப்பிரிப்பினை நாம் வர்க்க நோக்கிலும் காணுதல் வேண்டும். வெள்ளவத்தைத் தமிழ் எழுதுவினைஞருக்கும் கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளிக்கும் இதில் மாநிலமே இல்லை. மலையக மாநிலத்திலோ, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினர். வாக்கற்றவனுக்கு மாநிலமென்ன, மத்தியென்ன?

ஆயினும் அந்நகல் தோற்றது இக்குறைகளாலன்று. 1971 மார்ச்சில் வி. தருமலிங்கம் சமஷ்டித் திருத்தத்தை முன்மொழிந்தார். அது இயலாதெனில், கச்சேரிகளை நீக்கி மக்கள் தெரிவுசெய்யும் மன்றங்களையேனும் அமைக்குமாறு கேட்டார். கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவகம அளித்த மறுமொழி மனங்கொளத்தக்கது. சமஷ்டி என்பது இழிசொல்லானமைக்கு அதன் உட்பொருள் காரணமன்று, தமிழரசுக் கட்சி அதனை முன்வைத்த முறையே காரணம் என்பது அவர் வாதத்தின் சாரம். திரண்ட முழுமையைக் குறிக்கும் வடசொல், பிரிவினையின் மறுபெயராகக் கேட்கப்பட்ட விந்தை இது. 1926இல் சமஷ்டியை எடுத்துரைத்தவர் பண்டாரநாயக்க. மறு ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவிடம் அதனைக் கோரியது கண்டித் தேசிய சபை. கரையோர மூலதனத்தின் மேலாதிக்கம் பற்றிய அச்சம் அதன் பின்னணி. 1944இல் கம்யூனிஸ்ட் கட்சியே தமிழரின் சுயநிர்ணய உரிமையை ஏற்றிருந்தது!

ஒற்றையாட்சித் தீர்மானமே நிறைவேறிற்று. அரசியலமைப்பு விவகார அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1933இல் மலையாளத் தொழிலாளர் பலர் பணியாற்றிய வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்தவர். அவர் பொறுப்பில் உருவாகி 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த யாப்பு, சிங்களத்தை ஆட்சிமொழியாக்கிப் பௌத்தத்துக்கு முதன்மை அளித்தது; சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த காப்பும் மறைந்தது. இதனைத் தனிமனிதரின் தடுமாற்றமெனக் கொள்ளுதல் போதாது. ஐக்கிய முன்னணியில் தேசிய முதலாளித்துவத்துடன் இணைந்த இடதுசாரிகள், ஒருமுகப்பட்ட அரசுயந்திரத்தைச் சோஷலிசத்தின் கருவியாகக் கருதினர். 1977இல் அக்கருவி ஐக்கிய தேசியக் கட்சியின் கைக்கு மாறியது; 1978 செப்டெம்பரில் அந்த யாப்பும் மறைந்தது, ஒற்றையாட்சி நிலைத்தது. அதற்குமுன்னரே, 1976 மே 14இல், தமிழர் விடுதலைக் கூட்டணி வட்டுக்கோட்டையில் சமஷ்டியைக் கைவிட்டுத் தனியரசைக் கோரியிருந்தது.