கம்பி மாத்திரம் போதுமா?

கோணிய பற்களைக் கம்பியிட்டு நேராக்கும் சிகிச்சை இன்று நமது நகரங்களில் சர்வசாதாரணமாகிவிட்டது. இது வெறும் அலங்காரம் என்று பரிகசிப்போருடன் நாம் சேரமாட்டோம். ஒன்றன்மேலொன்று ஏறி நிற்கும் பற்களைச் சுத்தம் செய்வது கடினம்; அவற்றை நேராக்குதல் நன்மையே. ஆனால் இச்சிகிச்சையோடு கூடவே வரும் ஓர் அபாயத்தைப் பெற்றோரில் அநேகர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பற்களின் மீது ஒட்டப்படும் சிறு துண்டுகளும், அவற்றைப் பிணைக்கும் கம்பியும், ஆகாரத் துணுக்குகள் தங்குவதற்குப் பல இடுக்குகளை உண்டாக்குகின்றன. அங்கே குடியேறும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் இதைச் சமன்செய்ய அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் மறுபடியும் மிட்டாயும் சோடாவும் உள்ளே போகுமானால் பல்லுக்கு ஓய்வேது? அசுத்தமான வாயில், கம்பி பூட்டிய நான்கே வாரங்களில் வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். அவையே சொத்தையின் முதற்படி. சிகிச்சையோ பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருஷம் நீடிப்பது. முடிவில் வரிசை நேராகிப் பற்கள் குழிவிழுந்து நிற்குமாயின், செலவிட்ட பல்லாயிரம் ரூபாயால் விளைந்த பயன் யாது?

குற்றம் கம்பியினுடையதன்று; அசிரத்தையினுடையது. வெண்புள்ளி நிலையிலேயே கவனித்தால் உமிழ்நீரும் புளூரைடும் எனாமலைப் பெருமளவு உறுதிப்படுத்தும். குழி விழுந்தபின் பல் தானே வளர்ந்து அதை மூடுவதில்லை.

ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் கொண்டு நம் முன்னோர் பல் துலக்கிய வழக்கத்தை நாம் இகழவில்லை. ஆயினும் கம்பியின் அடியில் குச்சி நுழையாது. கம்பிக்கு மேலும் கீழும் பிரஷ் செல்லவேண்டும். இடுக்குகளுக்கென்றே உள்ள சிறு பிரஷும் வேண்டும். காலையில் துலக்கினால் போதும் என்பது தவறு. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், இரவில் துலக்குவதே அதிக முக்கியம். மூலிகையின் பெயரை மட்டும் நம்பிப் பற்பசை வாங்கும் சுதேசாபிமானிகள், அதில் புளூரைடு உண்டா என்று உறையைப் பார்ப்பார்களாக. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் புளூரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

இவ்விஷயத்தில் கடமை மூவருக்கு உண்டு. பல் வைத்தியர்கள், துலக்கும் முறையைக் கற்பித்து, ஈறும் வாயும் சுத்தமாயிருப்பதைக் கண்ட பின்னரே கம்பி பூட்டவேண்டும். பெற்றோர் தின்பண்டத்திற்குக் காசு கொடுப்பதில் காட்டும் தாராளத்தைக் குறைத்து, இராத்தோறும் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கவேண்டும். சர்க்காரோ, 2014-ல் தொடங்கிய தேசிய வாய்ச் சுகாதாரத் திட்டத்தைக் காகிதத்தில் வைத்திராமல், ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகள்தோறும் பிரஷும் பற்பசையும் போய்ச் சேரும்படி செய்யவேண்டும். கம்பி கட்டிக்கொள்ள வசதியில்லாத குழந்தைக்கும் சொத்தை வரும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தேசத் தொண்டு மேடையில் மாத்திரம் நடப்பதன்று. நாளைய பிரஜைகள் வலியின்றி உண்பதற்கும் கூச்சமின்றிப் பேசுவதற்கும் வழி செய்வதும் தேசத் தொண்டேயாகும். நமது ஊழியர்கள் தங்கள் வீட்டிலிருந்தே, இன்றிரவே, இதைத் தொடங்குவார்களாக.