ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்

காலை ஒன்பதரை மணி. பிரேயர் முடிந்து பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். தலைமையாசிரியை மட்டும் வேப்பமரத்தடியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவை ஏற்றியாக வேண்டும். உள்ளே இன்னொரு டீச்சர், ஒன்று முதல் ஐந்து வரை எல்லாரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புக்குக் கடன்வாங்கிக் கழித்தல் நடத்துகிறார். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிலேட்டோடு வந்து அவர் முந்தானையை இழுக்கிறான். “இருடா தங்கம், வர்றேன்.”

நான் பார்த்த அந்தக் கிராமப் பள்ளியில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலையை எண்ணினால் சரி. வகுப்பை எண்ணினால்? தலைமையாசிரியை வட்டாரக் கல்வி அலுவலகத்துக் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். ஆசிரியரை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பணிநிரவலும் இதே தலைக்கணக்கை வைத்துத்தான் நடக்கிறது. ‘உபரி ஆசிரியர்’ என்று ஆணையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

பணம் இல்லாத இடத்தில் ஆசிரியரின் நேரம்தான் முதல். அதை உணர்ந்து செய்த வேலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளை மனத்தில் வைத்து பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்த அட்டைகளும் அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியும் உருவாக்கினார்கள். அதைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளை ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, தானே அட்டையை எடுத்து வந்து பாயில் உட்காரும். எங்கே தடுமாறுகிறதோ அங்கே டீச்சர் போவார். அந்த முறைமீது சொல்லப்பட்ட குறைகள் சிலவற்றில் நியாயம் உண்டு. ஆனால் ஒருவரே பல வகுப்பைப் பார்க்கிறார் என்ற உண்மையிலிருந்து தொடங்கிய திட்டம் அது.

2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அடுப்படி வேலையை மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் கொடுத்தார்கள். செயலியில் பதிவேற்றுவதற்கும் படிவம் நிரப்புவதற்கும் அப்படி ஓர் ஆள் ஏன் கூடாது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. கைப்பேசி வழியாக வகுப்பறைக்கே வந்துவிடும் வேலையை அது எப்படித் தடுக்கும்? பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவான குறுவள மையத்துக்கு ஒரு மாற்று ஆசிரியரை நிரந்தரமாகத் தரலாம். ஒரு பள்ளியின் டீச்சருக்கு லீவோ பயிற்சியோ வரும் நாளில் அவர் அந்தப் பள்ளிக்குப் போவார். புதுப் பள்ளி கட்டும் செலவில்லை இது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அந்தப் பையனின் சிலேட்டில் ‘ட’ மூன்று வரிசை நிறைந்திருந்தது. டீச்சர் ஐந்தாம் வகுப்பில் இருந்தார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.