பூமி காய்ச்சித் தரும் வெந்நீர்

வெந்நீர் வேண்டுமென்றால் விறகு வேண்டும், அடுப்பு வேண்டும், காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். இவை எதுவுமின்றிப் பூமியே வெந்நீர் காய்ச்சித் தரும் நாடு ஜப்பான். எரிமலைகள் நிறைந்த அத்தீவு நாட்டில் வெந்நீர் ஊற்றை ‘ஒன்சென்’ என்பர். மரபுவழி வந்த தங்கும் விடுதியை ‘ரியோகான்’ என்பர். கடலோர ஊற்று விடுதியில் தங்குவோர் எவற்றைக் காண்பர், அங்குள்ள கட்டுப்பாடுகள் எதற்காக என்பனவற்றை, நூல்களின் வாயிலாக அறிந்த அளவில் இக்கட்டுரையில் காண்போம்.

வெப்பக் கடல்

டோக்கியோவுக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், சகாமி விரிகுடாவின் கரையில் உள்ள ஊர் அட்டாமி. ‘வெப்பக் கடல்’ என்பதே அப்பெயரின் பொருள். கடலுக்குள் வெந்நீர் பொங்கி மீன்கள் மடிந்தன என்றும், துறவி ஒருவரின் வேண்டுதலால் ஊற்று கரைக்கு இடம் மாறியது என்றும் பழங்கதை கூறுகிறது. 1604 ஆம் ஆண்டு டொக்குகாவா இயேயாசு இங்கு வந்து நீராடினார். அவர் வழிவந்த ஆட்சியாளர்களுக்காக இவ்வூர் வெந்நீர் மரப்பீப்பாய்களில் எடோ நகருக்கே சுமந்து செல்லப்பட்டது. அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. 1964 இல் அதிவேக ரயில் பாதை திறக்கப்பட்டது. இன்று டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் அட்டாமியை அடைந்துவிடலாம்.

கதகதப்பின் காரணம்

மழைநீரும் கடல்நீரும் பாறை இடுக்குகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகின்றன. அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, பாறையிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகின்றன. எனவே கடலோர ஊற்று நீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். அதில் குளித்தெழுந்தால் தோலின்மீது உப்பு மெல்லிய படலமாகத் தங்கி, வியர்வை ஆவியாவதைக் குறைக்கிறது. ஆவியாதல் குறைந்தால் உடல் இழக்கும் வெப்பமும் குறையுமல்லவா? ஆகவேதான் கரையேறிய பின்னும் வெகு நேரம் உடல் கதகதப்பாக இருக்கிறது.

விடுதியின் ஒழுங்கு

விடுதி வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். மரபுவழி அறையில் கட்டில் கிடையாது. தரை முழுதும் கோரைப்பாய். தங்குவோருக்கு ‘யுகாடா’ என்னும் பருத்தி அங்கி தரப்படும். இடப்பக்க மடிப்பு மேலே வரும்படி அதை அணிய வேண்டும்; வலப்பக்கம் மேலே வருவது இறந்தோருக்கு அணிவிக்கும் முறை. கடல் மீன்கள் நிறைந்த இரவு உணவு முடியும் வேளையில், பணியாளர் பாயின்மீது மெத்தை விரித்திருப்பார்.

இனி, குளியல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. பெரிய தொட்டியில் ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர். அதில் பலரும் ஒன்றாக இறங்குவர்.

“ஊரே ஒரு தண்ணியில இறங்கினா அழுக்காகாதா?” என்று கேட்டார் என் தாயார். பள்ளிக்கூடம் காணாத அவர் கேட்ட கேள்விக்கு விடையே அங்குள்ள ஒழுங்குமுறை. முதலில் தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்புத் தேய்த்து, நுரை போகக் கழுவிக்கொள்ள வேண்டும். துணியுடன் தொட்டியில் இறங்கக் கூடாது. சிறு துண்டுகூட நீரில் படலாகாது. நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். தொட்டி அழுக்குப் போக்கும் இடமன்று. கழுவிக்கொண்டவர் இளைப்பாறும் இடம். முதலாளியானாலும் தொழிலாளியானாலும் விதி ஒன்றே. அடுத்து வருபவரும் இதே நீரில்தான் இறங்குவார் என்ற நினைவே இவ்விதிகளுக்கெல்லாம் வேர்.

நின்றுபோன ஊற்று

தொட்டியில் காட்டிய இந்தக் கவனத்தை மனிதர் நிலத்தடியில் காட்டத் தவறியதும் உண்டு. அட்டாமியில் ‘ஓயு’ என்ற ஊற்று ஒரு நாளில் 6 முறை நிலம் அதிரப் பீறிட்டுக்கொண்டிருந்தது. 1860 இல் பிரிட்டிஷ் தூதர் ரூதர்போர்ட் அல்காக் இங்கு வந்தபோது, அவருடைய நாய் டோபி அதன் கொதிநீர் பட்டு இறந்தது. அதன் நினைவுக்கல் ஊற்றருகே இன்றும் உள்ளது. அவ்வளவு வேகம் கொண்ட ஊற்று, சுற்றிலும் புதிய வெந்நீர்க் கிணறுகள் தோண்டப்பட்ட 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தளரத் தொடங்கியது. 1923 நிலநடுக்கத்தின்போது மீண்டும் பொங்கியது. பின்னர்ச் சில ஆண்டுகளில் அடியோடு நின்றது. இன்று அங்கே பீறிடுவது 1962 இல் அமைக்கப்பட்ட செயற்கை ஊற்றே!

காரணம் எளிது. ஒரே நீர்நிலையில் பல துளைகள் இட்டால் அழுத்தம் குறையும். பழைய ஊற்று வலுவிழக்கும். கடலோரத்திலோ, அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகுந்துவிடும். 1948 ஆம் ஆண்டின் வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி, புதிய ஊற்றுக்காகத் தோண்ட மாவட்ட ஆளுநரின் அனுமதி வேண்டும்.

தொட்டி நீர் பொது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் ஒழுங்கும் எளிதில் வருகிறது. நிலத்தடி நீரும் பொது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் கண்ணால் காணும் முன்பே அறிந்து நடக்கத்தான் அறிவியல் கற்கிறோம்.