பி.ஜி. மாறினாலும் பையோடு வரும் மூட்டைப்பூச்சி... கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் எழுந்தால் கையில் வரிசையாகத் தடிப்பு. கொசுன்னு நினைத்து விட்டுவிடாமல், மெத்தையின் தையல் ஓரத்தில் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். மை தெளித்தது போலக் கரும்புள்ளிகள் இருக்கா? மூட்டைப்பூச்சியின் எச்சம் அது. வளர்ந்த பூச்சி சுமார் 5 மி.மீ. நீளம், பழுப்பு நிறம், தட்டை உடல், பறக்காது. பழைய கட்டில், டிராவல் பேக் வழியாகத்தான் வரும். சுத்தமான அறைக்கும் வரும் என்பதால் ரூம்மேட்டைத் திட்டிப் பயனில்லை.

ஸ்பிரே அடித்தால் போய்விடுமா? பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் அளவுக்குப் பல இடங்களில் இவை தேறிவிட்டன. மருந்தடித்த மெத்தையிலேயே படுப்பது உங்களுக்குத்தான் ஆபத்து. ரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால் ரூமைப் பூட்டிவிட்டுப் போவதும் வேலைக்காகாது. 60 டிகிரி வெந்நீர்த் துவையலில் முட்டையும் சாகும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? பையை அம்மாவின் கட்டிலில் வைக்காதீர்கள். வாசலிலேயே பிரித்து, துணிகளை நேராக வெந்நீரில் போடுங்கள்.