தேதி குறித்து அறிவித்த உண்ணாவிரதம்

வேல்ஸுக்கென்று தனிப் பேரவை வேண்டுமா என்று 1979 மார்ச்சில் கேட்டபோது, வேண்டும் என்றவர் ஒருவர் என்றால் வேண்டாம் என்றவர் நால்வர். இதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. புதிதாக வரவிருந்த நான்காவது தொலைக்காட்சி அலைவரிசையை வேல்ஸில் வெல்ஷ் மொழிக்குத் தருவதாகத் தேர்தல் அறிக்கையில் வாக்களித்த கன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே கைவிரித்தது. வெல்ஷ் நிகழ்ச்சிகளை வழக்கம்போல வெவ்வேறு அலைவரிசைகளில் பிரித்துக் கொடுத்தால் போதும் என்பது உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லாவின் முடிவு.

வெல்ஷ் மொழிச் சங்கத்து இளைஞர்கள் ஒளிபரப்புக் கோபுரங்களில் ஏறுவதும் சிறைக்குப் போவதும் அதற்குள் பழகிப்போன செய்தி. ஆனால் 1979 அக்டோபரில் பென்காரெக் ஒளிபரப்பு நிலையத்துக்குள் புகுந்து இயந்திரத்தை நிறுத்திய மூவரும் மாணவர்கள் இல்லை. பென்னார் டேவிஸ் இறையியல் கல்லூரி முதல்வர், கவிஞர். நெட் தாமஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தியவர். மெரெடித் எவன்ஸ் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். பிபிசி வேல்ஸின் பொழுதுபோக்குப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர்! மறுபேச்சில்லாமல் பொறுப்பேற்றுக்கொண்டு நீதிமன்றத்தில் நின்றார்கள். 1980இன் வெற்றியை ஒரே மனிதரின் கணக்கில் எழுதுபவர்கள் இந்த மூவரை மறந்துவிடுகிறார்கள். படித்து, பதவியில் இருந்து, இழக்க நிறைய வைத்திருந்தவர்களே சட்டத்தை மீறத் துணிந்த பிறகு, அதை இளைஞர்களின் கலாட்டா என்று ஒதுக்க அரசால் முடியவில்லை.

அந்த ஒரே மனிதர் க்வின்வோர் எவன்ஸ். பாரி நகரில் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்து, வெல்ஷை முயன்று கற்றவர். தக்காளி பயிரிட்டுப் பிழைத்தவர்; போர் கூடாது என்ற கொள்கையில் கடைசிவரை நின்றவர். 1966இல் கார்மார்த்தன் இடைத்தேர்தலில் வென்று, வெல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1979இல் அதே தொகுதியில் தோற்றார். 1980 மே மாதம், தன் 67ஆம் வயதில், அவர் அறிவித்தார்: அரசு வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம்.

அந்த ஐந்து மாத அவகாசம்தான் அவருடைய பெரிய பலம் என்று நினைக்கிறேன். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். இரண்டாயிரம் பேர்வரை தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்ட மாட்டோம் என்றார்கள். அவர் சொன்னால் செய்வார் என்பதில் எதிரிகளுக்கும் சந்தேகமில்லை. அவர் உயிர் போனால் வேல்ஸில் என்ன நடக்கும் என்ற கவலை லண்டனைத் தொற்றியது. செப்டம்பரில் முன்னாள் அமைச்சர் கிளெட்வின் ஹியூஸ், வேல்ஸ் பேராயர், மூத்த நிர்வாகி கொரொன்வி டேனியல் மூவரும் வைட்லாவை நேரில் பார்த்துப் பேசினார்கள். செப்டம்பர் 17 அன்று அரசு இறங்கிவந்தது. உண்ணாவிரதம் தொடங்கவே இல்லை.

1982 நவம்பர் 1 அன்று அந்த வெல்ஷ் அலைவரிசை, எஸ்-ஃபோர்-சி என்ற பெயரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர், வைட்லாவிடம் தூது போன அதே கொரொன்வி டேனியல். முதல் நாள் மாலையிலேயே சூப்பர்டெட் என்ற கார்ட்டூன் கரடி குழந்தைகளிடம் வெல்ஷில் பேசியது.

அடுத்த வாரம்: 1984, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம்.

(தொடரும்)