பழைய மீன்தொட்டியா? மூட்டைப் பார்த்து வாங்குங்கள்

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மாடியில் சும்மா கிடக்கும் அறையில் வரிசையாகத் தொட்டிகள் வைத்து கப்பியும் ஃபைட்டரும் வளர்த்துப் பெருக்க ஆசையாம். புதுத் தொட்டிகளுக்கு விலை விசாரித்ததும் ஆசை பாதியாகக் குறைந்துவிட்டது. “பழைய தொட்டி வாங்கலாமா? ஒழுகாதா?” என்று கேட்கிறார்.

வாங்கலாம். விலையைத் தட்டிக் குறைக்க முடிந்தால் ஒழுகும் தொட்டியைக்கூட வாங்கலாம். எங்கே, ஏன் ஒழுகுகிறது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தீனி, தண்ணீர் மாற்றுவது, ஏர் பம்ப் எல்லாம் மீன் வளர்க்க நினைக்கும் யாருக்கும் தெரிந்த சமாச்சாரம். அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே தொட்டிக்கு வருகிறேன்.

ஐந்து கண்ணாடித் துண்டுகள், அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் சிலிக்கான் பசை. மீன்தொட்டி என்றால் இவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பழைய இரும்புச் சட்டத் தொட்டிகள் நினைவிருக்கலாம். ஆங்கிளை வளைத்துக் கூடு செய்து, கண்ணாடியைப் பதித்து, ஜன்னலுக்கு அப்புகிற லப்பத்தை அப்பியிருப்பார்கள். தண்ணீர் நிற்கும்வரை அது தாக்குப்பிடிக்கும். காலி செய்து ஒரு கோடை வெயிலில் போட்டுவிட்டால் லப்பம் இறுகி வெடித்துவிடும். அடுத்த முறை நிரப்பினால் நான்கு மூலையிலும் கசியும். 1960களில் சிலிக்கான் பசை மீன்தொட்டிக்குள் நுழைந்த பிறகுதான் சட்டத்துக்கே வேலையில்லாமல் போனது.

இந்தப் பசை மேல் எனக்குத் தீராத மயக்கம் உண்டு. ட்யூபைப் பிதுக்கியதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் குப்பென்று வினிகர் நெடி வரும். அது அசிட்டிக் அமிலம். பெயின்ட் காய்வதென்றால் அதிலுள்ள தண்ணீரோ தின்னரோ வெளியே போக வேண்டும். சிலிக்கான் விஷயத்தில் நடப்பது நேர்மாறு. அது காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே இழுத்து, அதோடு வினைபுரிந்து, அமிலத்தை வெளியே தள்ளிவிட்டு இறுகுகிறது. அதனால்தான் வெளித்தோல் முதலில் இறுகி, உள்பக்கம் மெதுவாக, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் இறுகிக்கொண்டு போகும். புழுங்கித் தள்ளும் சென்னைக் காற்று நமக்கு வேண்டாததாக இருக்கலாம், சிலிக்கானுக்கு அதுதான் தோது. தடிமனாகப் போட்ட மூட்டுக்கு ஒரு வாரம் விடுங்கள். மூக்கை வைத்துப் பார்த்தால் நெடி அறவே இருக்கக்கூடாது. அதுவரை மீனை விட வேண்டாம்.

கண்ணாடியோடு இதற்கு இத்தனை ஒட்டுறவு ஏன்? கண்ணாடியின் அடிப்படை சிலிக்கான் என்ற தனிமமும் ஆக்சிஜனும் கோத்த வலை. பசையின் முதுகெலும்பும் அதே இரண்டும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. இறுகும்போது பசை கண்ணாடியின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை, அதனோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. நன்றாக ஒட்டிய மூட்டைப் பிரிக்கப் போய் கண்ணாடி விளிம்பு பெயர்ந்து வருவது இதனால்தான்.

அதன் விசித்திரம் இனிமேல்தான். இறுகி முடிந்த சிலிக்கான் மேல் எதுவுமே ஒட்டாது. அதன் வெளிப்புறம் முழுக்க மெத்தில் குழுக்கள் போர்வைபோல் மூடிக்கொண்டிருக்கும், அவை எதையும் அண்டவிடுவதில்லை. கேக் ஒட்டாமல் கழன்று வருகிறதே, அந்த அச்சும் இதே இனப் பொருள்தான். பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கானைத் தடவினாலும் கதி அதுவே. எங்கள் தெரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ட்யூபை அரத்தால் பரபரவென்று தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டுத்துண்டை வைத்துத் தட்டினால் ரப்பரும் ரப்பரும் ஒன்றாகிவிடும். தொட்டிக்கும் அப்படி ஒட்டுப்போடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கசியும் இடத்தைத் துடைத்து, உள்ளே கட்டைவிரல் கனத்துக்குப் பசையை அப்பிவிட்டு, “சரிபண்ணியாச்சு சார், வாங்கிக்குங்க” என்று விற்பார்கள். மேலே அப்பியது பழைய மூட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதன் அடியில் புகுந்து பழைய வழியே வெளியே வந்துவிடும். மூலையில் கொழுக்கட்டை பிடித்ததுபோல் பசை திரண்டிருந்தால் அந்தத் தொட்டி ஒருமுறை ஒழுகியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொட்டியில் இரண்டு விதப் பசை வேலை இருக்கிறது. கண்ணாடி விளிம்பும் கண்ணாடி விளிம்பும் சேரும் இடுக்கில் மெல்லிய பட்டையாக இருப்பது ஒன்று. முழுத் தொட்டியையும் கட்டிப் பிடித்திருப்பது அதுதான். உள்மூலைகளில் ஓரம் மழித்த கரைபோல் ஓடுவது இன்னொன்று. முதல் பட்டைக்குக் காவல் அது. பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். வெளியிலிருந்து மூலையைச் சாய்வாகப் பார்த்தால் இடுக்குப் பட்டை தெரியும். ஒரே நிறத்தில், இடைவெளி இல்லாமல் போனால் நல்லது. பளபளவென்று வெள்ளித் திட்டுகள் மின்னினால் அங்கே பசை விட்டுப்போய்க் காற்று புகுந்திருக்கிறது. பிறகு உள்ளே கைவிட்டு, கரையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பாருங்கள். நல்ல கரை அசையாது. கெட்டது உரித்த தோல்போல் எழுந்து வரும், அதன் அடியில் பச்சையாகப் பாசி நூல் ஓடியிருக்கும். பாசி போன இடத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கரை மட்டும் கெட்டு, இடுக்குப் பட்டை நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பிளேடால் உள்கரையை முழுவதும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, செங்குத்து மூலை நான்கும் அடி ஓரம் நான்குமாக எட்டையும் ஒரே மூச்சில் புதிதாகப் போட வேண்டும். கசியும் மூலையை மட்டும் போட்டால் புதியதும் பழையதும் சந்திக்கும் இடத்தில் அடுத்த ஒழுகல் காத்திருக்கும். பாத்ரூமுக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். பூஞ்சையைக் கொல்லப் போட்ட மருந்து மீனையும் கொல்லும். இடுக்குப் பட்டையே போயிருந்தால் தொட்டியைப் பிரித்து மறுபடி கூட்ட வேண்டியதுதான். அதற்கு வெறும் கண்ணாடி விலைக்கு மேல் கொடுப்பது தண்டம்.

அடுத்தது உயரம். கண்ணாடியைத் தள்ளும் அழுத்தம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. பின்னால் எத்தனை லிட்டர் நிற்கிறது என்பதற்கு அதில் பங்கில்லை. 2 அடி நீளம், 1 அடி உயரத் தொட்டியை முட்ட நிரப்பினால் முன்கண்ணாடியைச் சுமார் 28 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். அதே நீளத்தில் உயரத்தை மட்டும் 2 அடியாக்கினால் அது நான்கு மடங்காகி 113 கிலோவைத் தொடும். ஆகவே உயரமான தொட்டி மலிவாகக் கிடைத்தால் முதலில் விளிம்பில் ஸ்கேலை வைத்துக் கண்ணாடியின் கனத்தை அளந்துவிடுங்கள். வளர்ப்பு அறைக்கு உயரத் தொட்டி தேவையே இல்லை. கப்பிக் குஞ்சுக்கு வேண்டியது அகலமான நீர்ப்பரப்பு, காற்று கரைவது அங்கேதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மாடி அறையின் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது? வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூரில் கடைகளுக்குப் பின்பக்கம் கேட்டுப் பாருங்கள். தொட்டி செய்கிறவர்களே பழையதைப் பிரித்துக் கூட்டியும் தருவார்கள். அதைவிட மலிவு, மாத முடிவில் வீடு காலி செய்கிறவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாற்றல் வாங்கிப் போகும் குடும்பங்களுக்கு லாரியில் கண்ணாடித் தொட்டி ஏற்றுவது பெரும் தொல்லை. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் “எடுத்துக்கொண்டு போனால் போதும்” என்றே போடுவார்கள். அலங்காரத்தை மாற்றும் துணிக்கடை, மூடிவிட்ட உணவகம், பல் மருத்துவர் கிளினிக் இங்கேயும் கேட்கலாம். அப்புறம் இருக்கவே இருக்கிறது வாஸ்து. அரோவானா வந்தால் அதிர்ஷ்டம் வரும் என்று நாலடித் தொட்டி வாங்குகிறார்கள். அதிர்ஷ்டம் வரவில்லை, அல்லது மீன் போய்விட்டது, உடனே தொட்டியை வீட்டைவிட்டு அனுப்பத் துடிப்பார்கள். அப்போது பேரம் நன்றாகப் படியும்.

முன்பக்கம் வளைந்து, பிளாஸ்டிக் மூடியோடு வரும் தொட்டிகளை நான் வாங்க மாட்டேன். மூடிக்குள் இருக்கும் விளக்கோ பம்போ போனால் அதே அளவில் மாற்றுக் கிடைப்பது அபூர்வம். வட்டக் கிண்ணங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு ஃபைட்டரைச் சோற்றுக் கிண்ண அளவுத் தண்ணீரில் போட்டு மேசை அலங்காரமாக வைப்பது மீன் வளர்ப்பில் சேராது.

வாங்கும் இடத்தில் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: கடைசி மீன் எப்படிச் செத்தது? உடல் ஒட்டி, முதுகு வளைந்து, ஒவ்வொன்றாகப் போனதாகச் சொன்னால் உஷாராக வேண்டும். மீன்களுக்கு வரும் காசநோயாக இருக்கலாம். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற அந்தக் கிருமியை, 1926இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த கடல் மீன்களிலிருந்து ஆரன்சன் என்ற ஆய்வாளர் பிரித்தெடுத்தார். மெழுகு போன்ற உறை இருப்பதால் பிளீச்சிங் பவுடருக்கு அது அவ்வளவு எளிதில் மசியாது. கையில் கீறல் இருந்தால் நம் தோலிலும் புகுந்து, சில வாரம் கழித்து ஆறாத முடிச்சாக எழும். இப்படிப்பட்ட தொட்டி இலவசமாகக் கிடைத்தாலும் நான் விட்டுவிடுவேன். மற்றவற்றுக்குச் சோப்பு போடாதீர்கள். போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும், நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை அலசி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். சமதளத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து நிரப்பி, இரண்டு நாள் விடுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். வைக்கும் இடத்தில் தெர்மோகோல் ஷீட் அவசியம். அடியில் ஒரு மணல் பருக்கை இருந்தால்கூடக் கண்ணாடி விரிசல் விடலாம்.

பத்துத் தொட்டி என்றால் எடைக் கணக்கும் உண்டு. 2×1×1 அடித் தொட்டி ஒன்று 56 லிட்டர் பிடிக்கும், கண்ணாடி தனியாக 9 கிலோவுக்கு மேல். பத்தும் சேர்ந்து 650 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தரக் குறியீடு வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஆங்கிள் ராக்கை அறை நடுவில் போடாமல், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டிப் போடுங்கள். கட்டடம் பழையதென்றால் மேஸ்திரியை அல்ல, பொறியாளரைக் கேளுங்கள்.

பழைய தொட்டியோடு மீனையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதில் ஒரு சக்கர் மீன் இருக்கும், பாசி தின்னும் டேங்க் கிளீனர் என்று சிறிதாக வாங்கியது ஒன்றரை அடியாக வளர்ந்து நிற்கும். வேண்டாமென்று அதை ஏரியில் விடுகிறார்கள், அதுவும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் சென்னை நீர்நிலைகளில் இப்போது தானாகவே பெருகுகிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, முள்ளால் வலையைக் கிழிக்கிறது, தண்ணீர் கெட்டாலும் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்கிறது. நம் ஏரியில் அதைத் தின்ன ஆளில்லை, வலையில் சிக்கினால் வாங்கவும் ஆளில்லை. மீன் வேண்டாமென்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், ஏரிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

மொட்டை மாடியில் தொட்டியைக் கவிழ்க்காமல் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். மழைக்காலம் வருமுன் உட்சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மீன் வளர்க்க ஆசைப்படும் யாருக்காவது அந்தத் தொட்டியைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது மணலை முழுக்க அள்ளிவிட்டு, அடியில் கைகொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.